பதினொன்றிலிருந்து பத்துக்குத் திரும்பலாமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும், அதற்கு அடுத்த விண்டோஸ் 11-க்கு, அதாவது பதினொன்றுக்கு, மாறியவர்களில் பலர் மறுபடி பத்துக்கே போய்விட நினைக்கிறார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவகை. லேப்டாப் ஹேங் ஆகிறது, கடையின் பில்லிங் ஓடவில்லை, பழைய பிரிண்டரைக் கண்டுகொள்ளவில்லை, ஸ்டார்ட் மெனு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம் குறைந்தது என்பதற்காக மட்டும் பத்துக்குத் திரும்ப வேண்டாம். பிழைப்புக்குத் தேவையான ஒரு மென்பொருளோ கருவியோ பதினொன்றில் ஓடாது என்று உறுதியானால் தாராளமாகத் திரும்பலாம். மாறிப் பத்து நாள் ஆகாதவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் யோசித்து முடிவெடுக்க நேரமும் வழியும் இரண்டும் இருக்கின்றன.

ஸ்டார்ட் மெனு நடுவில் இருப்பதுதான் குறை என்றால் செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய் இடப்பக்கம் என்று மாற்றினால் போதும். அதற்காக ஓஎஸ்ஸையே (மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள், இங்கே விண்டோஸ்) மாற்றுவது வீண்வேலை.

இன்னொன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பழுது பதினொன்றால் வந்ததா, போன வாரம் இறங்கிய ஒரு அப்டேட்டால் வந்ததா? நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷினில் இன்று சத்தம் வரவில்லை, வைஃபை போய்விட்டது என்றால் பெரும்பாலும் ஒரு மாதாந்திர அப்டேட்டோ டிரைவரோதான் (ஒரு கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்) காரணம். அப்டேட்தான் காரணம் என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி, அதன் கடைசியில் அன்இன்ஸ்டால் என்று இருக்கும். அங்கே அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, ஐந்து வாரம் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். பதினொன்றின் 24எச்2 பதிப்பிலிருந்து 25எச்2 பதிப்புக்குப் போனவர்களுக்கும் இதே வழிதான். அந்த மாற்றம் ஒரு சிறிய பொதியாகத்தான் வந்தது, அதை நீக்கினால் முந்தைய பதிப்பு வந்துவிடும். இதற்கெல்லாம் யாரும் ஃபார்மட் அடிக்கத் தேவையில்லை.

பத்து நாள் பொத்தான்

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பதினொன்றுக்கு மாற்றினால், பழைய ஓஎஸ் முழுவதும் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் பத்து நாள் இருக்கும். அதுவரை செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ‘கோ பேக்’ பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் உங்கள் போட்டோ, ஃபைல்கள் அப்படியே இருக்க, பத்து திரும்பி வரும். பதினொன்றுக்கு வந்த பிறகு நீங்கள் போட்ட மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் மட்டும் போய்விடும்.

திரும்பும் வழிகளில் இதுதான் செலவில்லாதது, டிரைவர் தேடும் வேலையும் இல்லாதது. ஆனால் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி, ‘முந்தைய விண்டோஸ்’ என்ற வரியையும் டிக் செய்து அழித்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ளவர்கள்தான் இப்படி அழித்துவிடுகிறார்கள். பத்து நாளில் முடிவெடுக்க முடியாது என்று தோன்றினால், கெடு முடிவதற்குள் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியால் அதை அறுபது நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். கெடு முடிந்தபின் நீட்ட முடியாது. கடை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு எடுக்கும்போதுதான் எது ஓடவில்லை என்பது தெரியவரும், பத்து நாளில் தெரியாது.

பதினொன்றோடே வாங்கிய லேப்டாப்பில் பத்துக்கான இந்தப் பொத்தான் இருக்கவே இருக்காது.

கெடு தாண்டிவிட்டால்

அதற்குமேல் உள்ள வழி ஒன்றுதான்: பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றி, சி டிரைவை அழித்து, புதிதாகப் போடுவது. 8 ஜிபி பென் டிரைவும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். ஹெச்பி என்றால் எஃப்9, டெல் லெனோவா என்றால் எஃப்12 என்று பூட் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் இதை இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தந்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கக்கூடிய சேதங்களைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலாவது டி டிரைவ். நம் ஊரில் பாதிப்பேர் கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டு, “சி-யை மட்டும் ஃபார்மட் பண்ணுங்கண்ணா, டி-யில ஒண்ணும் ஆகாது” என்று நிம்மதியாக இருப்பார்கள். முன்பு அது உண்மை. இப்போது 24எச்2-க்குப் பிறகு வந்த லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்ததுமே டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி தானாக இயங்கிவிடுகிறது. அது சி டிரைவோடு நிற்காமல் டி-யையும் பூட்டிவிடும். பதினொன்று ஓடும்வரை பூட்டு இருப்பதே தெரியாது, ஏனென்றால் டி-யைத் திறக்கும் சாவி சி-யில் இருக்கிறது. சி-யை அழித்தால் அந்தச் சாவியும் போய்விடும். பிறகு டி டிரைவைத் திறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கித் தந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? அந்தக் கீ இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் எடுத்துத்தர முடியாது.

ஆகவே எதைச் செய்வதற்கு முன்னும் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்து, பூட்டு முழுதாகத் திறக்கும்வரை காத்திருங்கள். பிறகு வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். எடுத்த நகலை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள்.

இரண்டாவது லைசென்ஸ். பத்திலிருந்து பதினொன்றுக்கு வந்த மெஷினில் பத்தின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும். அதே எடிஷனைப் போட்டால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நம் கடைகளில் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. அதில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. பதினொன்றோடே வந்த லேப்டாப் என்றால், பழைய பதிப்புக்கு இறங்கும் உரிமை புரோவுக்குத்தான் உண்டு, ஹோமுக்கு இல்லை.

மூன்றாவது டிரைவர். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால், விண்டோஸ் 10 இன்ஸ்டால் செய்யும்போது “டிஸ்க் எதுவும் இல்லை” என்று வரலாம். எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது என்று பயந்து புதிது வாங்க வேண்டாம். விஎம்டி என்ற அமைப்புக்கான டிரைவர் பத்தின் பென் டிரைவில் இல்லை, அவ்வளவுதான். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுத்து அதே பென் டிரைவில் வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டி தெரிந்துவிடும். ஓஎஸ் ஏறிய பிறகு வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, போனின் இன்டர்நெட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம். 12-ஆம் தலைமுறை இன்டெல் என்றால் நான் பத்துக்குப் போகவே சொல்லமாட்டேன். அதில் இருவகை கோர்கள் உண்டு, வேகமானவை சில, சிக்கனமானவை சில. எந்த வேலையை எந்தக் கோருக்கு அனுப்புவது என்பதில் பதினொன்றுதான் கெட்டி. அந்த மெஷினில் வேகம் வேண்டும் என்று பத்துக்குப் போனால் வேகம் குறையவே வாய்ப்பு அதிகம்.

பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; பாதியில் நின்ற இன்ஸ்டாலை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவ்வளவையும் கடந்து பத்துக்கு வந்தபின் பாதுகாப்பு அப்டேட்டுக்கு என்ன வழி? ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டுப் பயனருக்கு அதன் கெடு 2026 அக்டோபர் 13. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து அமைப்புகளை கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். பேக்கப் வேண்டாம் என்றால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளோ 30 டாலரோ கேட்கும். மெஷினில் பத்தின் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். இதில் கிடைப்பது பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும், புது வசதி எதுவும் வராது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது உண்மைதான். ஆனால் ஓஎஸ்ஸில் ஓட்டை விழுந்தால் அதை டிஃபெண்டர் அடைக்காது. பிரவுசரும் என்றைக்கும் கூடவே வராது. 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7-ல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டதை நினைத்துப் பாருங்கள்.

பதினொன்றிலேயே இருந்து வேகம் ஏற்றுவது

“ஸ்லோவா கீது” என்பதுதான் காரணம் என்றால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஐந்து நிமிடம் கண் வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். சிதறிக்கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிப்பதில் அது நொடிக்கு நூறு முறைக்குள் திணறிவிடும். எஸ்எஸ்டி அதை ஆயிரக்கணக்கில் செய்யும். இந்த மெஷினில் பத்து போட்டாலும் திணறல் போகாது. ஃபார்மட் அடித்த சூட்டில் ஒரு மாதம் வேகமாகத் தெரியும், பிறகு பழைய கதைதான். ஓஎஸ் மாற்றும் கூலியோடு கொஞ்சம் சேர்த்து ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் அதே பதினொன்று வேறு மெஷின்போல எழும்.

மெமரி எப்போதும் 85, 90 என்று நின்றால் ரேம் போதவில்லை. பதினொன்றுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது ஓஎஸ் எழுவதற்குப் போதும், குரோமில் பத்து டேப் திறப்பதற்குப் போதாது. 8 ஜிபி ஆக்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருப்பதால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், அதன் பிறகும் திணறினால் ரேமைப் பாருங்கள். விம்கோ நகரிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் வரை மாறாமல் போகலாம், அங்கிருந்து கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு நடைதூரம். லேப்டாப்பையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சில மெலிதான மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

டிஸ்க், மெமரி இரண்டும் சும்மா இருந்தும் மெஷின் சூடாகி இழுத்தால் ஃபேனைப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசு லேப்டாப் ஃபேனில் கம்பளிபோல அப்பிக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த ஓஎஸ் போட்டாலும் இது மாறாது. தூசு தட்டித் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதற்கு ஆகும் செலவு, இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாச் செலவையும்விடக் குறைவு.

உண்மையிலேயே திரும்ப வேண்டியவர்கள்

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள், சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகள், சிறு அச்சகங்கள் போன்ற இடங்களில் பல வருடப் பழைய மென்பொருள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். ஃபாக்ஸ்புரோவில் எழுதி, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓஎஸ்ஸுக்காகச் செய்த பில்லிங், அதோடு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, ஆனால் பத்து வருடக் கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் பத்துக்குத் திரும்ப நினைப்பதை நான் முழு மனதோடு மதிக்கிறேன், ஏனென்றால் அவர் காரணம் உண்மையானது. 16-பிட் டாஸ் புரோகிராம் 32-பிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக ஓடும். விண்டோஸ் 10-ல் 32-பிட் பதிப்பு இருந்தது, பதினொன்றில் இல்லவே இல்லை.

ஆனால் 64-பிட் விண்டோஸ் 10 போட்டாலும் அந்த பில்லிங் ஓடாது. 32-பிட் என்று கேட்டுப் போடச் சொல்ல வேண்டும். புதிய லேப்டாப்களில் பழைய லெகசி பூட் வசதியே இல்லாததால் அதை ஏற்றவும் முடியாது. இவர்களுக்கு இரண்டு வழி சொல்வேன். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் 32-பிட் பத்தைப் போட்டு, இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, பில்லிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. பதினொன்றிலேயே டாஸ் மெஷின்போல நடிக்கும் விடாஸ்பிளஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் பில்லிங்கை ஓட்டுவது இன்னொன்று. இரண்டாவதை முதலில் முயலுங்கள், பல பழைய புரோகிராம்கள் அதில் பிரிண்ட் உட்பட ஓடிவிடும்.

விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று வைத்திருப்பவர்கள் திரும்புவதற்கு முன் கருவிக் கம்பெனியின் புதிய டிரைவரைப் பாருங்கள். அதுவும் ஏறாவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி தடுக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் போட்ட பதினொன்றில் அது இயங்கிக்கொண்டே வரும். பழைய டிரைவர்களை உள்ளே விடாது. அதை ஆஃப் செய்தால் டிரைவர் ஏறும், பாதுகாப்பும் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஆதரவு முடிந்த ஓஎஸ்ஸுக்குப் போவதோடு ஒப்பிட்டால் இது சின்ன இழப்பு.

இன்னொரு கூட்டமும் உண்டு. பதினொன்றுக்குத் தகுதியே இல்லாத லேப்டாப்பில் ரூஃபஸ் என்ற பூட் பென் டிரைவ் தயாரிக்கும் கருவி வழியாகத் தடையைத் தாண்டிப் போட்டவர்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்பது விதி. அதை மீறிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இவர்கள் ஈஎஸ்யூவோடு பத்துக்குத் திரும்பினால் ஒழுங்கான பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் கெடு வரைதான். அதற்குள் அடுத்ததை யோசித்துவிட வேண்டும்.

யாராக இருந்தாலும் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ‘லைட்’ என்றும் ‘கேமிங் எடிஷன்’ என்றும் யாரோ வெட்டி ஒட்டிய விண்டோஸைப் போட விடாதீர்கள். அதில் டிஃபெண்டரையும் அப்டேட்டையும் பிடுங்கியிருப்பார்கள், உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங் திறக்கிறீர்கள், மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே மெஷினைக் கொடுங்கள்.

விண்டோஸே வேண்டாமென்றால்

படிப்பு, யூடியூப், மெயில், பிரவுசர் இவ்வளவுதான் வேலை என்றால் பத்து, பதினொன்று இரண்டையும் விட்டு லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸுக்குப் போவது நல்ல யோசனை. நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக். நான்காம் ஐந்தாம் தலைமுறை லேப்டாப்புக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, செலவில்லை, திரையமைப்பும் விண்டோஸ் பழகியவருக்குக் குழப்பம் தராது. டேலி, கையெழுத்து டோக்கன், விரல்ரேகைக் கருவி உள்ளவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டும்போது வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் பார்த்துவிட்டு, முக்கியமாகப் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்கள் விண்டோஸில் சமர்த்தாக ஓடும், லினக்ஸில் படாதபாடு படுத்தும். அந்தப் பக்கம் ஒழுங்காக வெளியே வராவிட்டால், லேப்டாப்பை அணைத்துப் பென் டிரைவை எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்த விண்டோஸ் அப்படியேதான் இருக்கும்.